பெயர் துறத்தலும் பணி தொடர்தலும்

கொழும்பில் தொடங்கி வளர்ந்த இலங்கைப் பல்கலைக்கழகக் கல்வி மரபில், தமிழுக்குத் தொண்டாற்றிய ஆசிரியர் வரிசையை நோக்குமிடத்து ஒரு செய்தி கருத்தை ஈர்க்கின்றது. 1921ஆம் ஆண்டில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளராக விளங்கியவர் பிரான்சிஸ் கிங்ஸ்பரி. அக்கல்லூரி 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமாக உயர்வு பெற்றபின், 1943இல் அதன் முதற் தமிழ்ப் பேராசிரியராகப் பதவியேற்றவர் சுவாமி விபுலாநந்தர். 1952 முதல் 1961 வரை அப்பல்கலைக்கழகத்தின் கல்வித்துறையில் விரிவுரையாளராக இருந்தவாறே தமிழாராய்ச்சியை உலகறியச் செய்தவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். இம்மூவருள் எவரும் தாம் பிறந்தபோது பெற்ற பெயரோடு அவ்வாறே வாழ்ந்து முடித்தவரல்லர். அழகசுந்தரம் கிங்ஸ்பரியானார்; மயில்வாகனன் விபுலாநந்தரானார்; சேவியர் ஸ்தனிஸ்லாஸ் தனிநாயகமானார். ஒருவர் சைவத்திலிருந்து கிறித்தவத்துக்குச் சென்றார். மற்றவர் இல்லறத்தானுக்குரிய உலகியலை விட்டுத் துறவறம் பூண்டார். மூன்றாமவர் தம் சமயத்திலேயே நிலைத்து நின்று, பிறமொழிப் பெயரை விட்டு முன்னோர் பெயரை மேற்கொண்டார்.

இது தற்செயலாக நேர்ந்ததொன்று எனத் தள்ளிவிடலாம். ஆயின், ஒருவர் தம் வாழ்வின் திருப்புமுனையில் பழைய அடையாளத்தை விடும்போது உண்மையில் எதனை விடுகின்றார், எதனைத் தம்மோடு கொண்டு செல்கின்றார் என்னும் வினாவுக்கு விடைகாண இவர்தம் வாழ்க்கை பெரிதும் துணைபுரிகின்றது. அவ்விடையினைக் கொழும்பின் இருவேறு பகுதிகளான கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகியவற்றின் வரலாற்றோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டாயத்தாற் பெற்ற பெயர்கள்

பெயர் மாற்றம் இலங்கைத் தமிழருக்குப் புதியதன்று. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் புரட்டஸ்தாந்து சமயத்தைத் தழுவியோருக்கே அரசாங்கப் பதவிகள் கிட்டின. திருமணமும் பிறப்பும் திருச்சபையின் பதிவேடுகளில் எழுதப்பட்டன. சட்டப்படியான உரிமைகளைப் பெறுதற்கு ஞானஸ்நானப் பெயர் வேண்டப்பட்டது. எனவே பலர் பதிவேட்டில் ஒரு பெயரும் வீட்டில் மற்றொரு பெயரும் உடையவராய் வாழ்ந்தனர். 1796இல் ஆங்கிலேயர் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றி, அக்கட்டாயம் தளர்ந்தபோது, அப்பெயர்களுட் பல எவ்வித ஆரவாரமுமின்றி மறைந்தன. மூடிக்கிடந்த கோயில்கள் திறக்கப்பட்டன. புதிய கோயில்களும் எழுந்தன. உள்ளம் ஒப்பாது மாற்றிய பெயர் ஊன்றி நிற்பதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிசனரிமார் வேறொரு முறையைக் கையாண்டனர். 1823இல் நிறுவப்பட்டு 1855இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியிலும் அதனைச் சார்ந்த விடுதிப் பாடசாலைகளிலும் பயின்ற மாணவர் பலருக்கு, அவர்களுக்குப் பொருளுதவி செய்த அமெரிக்கரின் பெயர்களும் மிசனரிமாரின் பெயர்களும் இடப்பட்டன. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை முதலியோரின் முற்பெயர்கள் அவ்வாறு வந்தவையே. கடல் கடந்த நாட்டில் தாம் ஒருபோதும் காணாத ஒருவரின் பெயரைச் சுமந்துகொண்டு, இலக்கணமும் கணிதமும் வானியலும் பயின்ற சிறுவர் பலர் அக்காலத்தில் இருந்தனர்.

அவருள் ஒருவர் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த தாமோதரம்பிள்ளை. சார்ள்ஸ் வின்ஸ்லோ என்பது அவருக்குக் கிடைத்த பெயர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாக நடத்திய பட்டத் தேர்வில் அவரும் கரோல் விசுவநாதபிள்ளையும் தேறினர். பின்னர் அவர் சைவத்துக்கு மீண்டார். சைவ மகத்துவம் என்னும் நூலையும் எழுதினார். ஆயின், தம் பெயரின் முன்னெழுத்துக்களை அவர் அழித்துவிடவில்லை. ஆங்கிலத்தில் அவ்விரு எழுத்துக்களும் அவ்வாறே நின்றன; அவை குறிக்கும் பொருள் மட்டும் மாறிற்று. சார்ள்ஸ் வின்ஸ்லோவைக் குறித்தவை, சிறுப்பிட்டி என்னும் ஊரையும் வைரவநாதர் என்னும் தந்தையையும் குறிப்பனவாயின. தமிழுலகம் இன்று சி. வை. தாமோதரம்பிள்ளை என அவரை அறிவது இதனாலேயே.

அவர் மிசனரிக் கல்வியாற் பெற்ற பயன்களையும் விட்டாரல்லர். ஏடுகளை ஒப்புநோக்கல், பாடவேறுபாடு ஆராய்தல், அச்சேற்றிப் பரப்புதல் ஆகியவற்றில் அவர் கொண்டிருந்த ஆற்றல், மீண்ட சமயத்தின் மொழிக்கே பயன்பட்டது. 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என அவர் பதிப்புக்கள் தொடர்ந்து வெளிவந்தன. மாணவப் பருவத்தில் இடப்பட்ட பெயரை அவர் களைந்தார். ஆனால் அப்பெயரோடு வந்த அச்சுக்கலையையும் ஆராய்ச்சி முறையையும் தமதாக்கிக்கொண்டார்.

தந்தை விட்டதை மைந்தர் ஏற்றல்

தாமோதரம்பிள்ளையின் மைந்தர் அழகசுந்தரம் 1873இல் பிறந்தார். வாழ்வு அவரை எதிர்த்திசையிற் செலுத்திற்று. தந்தை விட்டு வந்த சமயத்தையே மைந்தர் தேடிச் சென்றார். பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயரையும் மேற்கொண்டார். சைவமறுமலர்ச்சி ஓங்கியிருந்த காலத்தில், தமிழ்ப் பதிப்புலகின் முன்னோடி ஒருவரின் மைந்தர் இவ்வாறு செய்தமை எளிய செயலன்று. பெயரை மாற்றும்போது தனிமனிதன் ஒருவன் மட்டும் மாறுவதில்லை. குலமரபு, உறவு, விழா, ஈமக்கடன் என்பன யாவும் அம்மாற்றத்தால் தாக்கமுறுகின்றன. பெயர் துறப்போர் பற்றிப் பேசுமிடத்து, அவர்தம் இல்லத்தார் அடைந்த இழப்பையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

ஆயினும் கிங்ஸ்பரியின் பிற்காலப் பணி சிந்திக்கற்பாலது. 1921இல் ஜீ. ஈ. பிலிப்ஸ் என்பாரோடு சேர்ந்து அவர் தேவார திருவாசகப் பாடல்களைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். தாம் விட்டகன்ற சமயத்தின் அருட்பாக்களைப் பிறமொழியாளர்க்கு எடுத்துச் சென்றவர் அவரே. பகைமையோடு பிரிந்தவர் இத்தகைய பணியில் ஈடுபடார். தந்தையின் நூலகத்திற் கற்ற தமிழ், மைந்தரின் புதிய பெயருக்கும் உடைமையாயிற்று. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் விரிவுரை மண்டபத்தில் மாணவர் கேட்ட தமிழ், சிறுப்பிட்டியிலிருந்து வந்த தமிழே.

தந்தையும் மைந்தரும் எதிரெதிர்த் திசைகளிற் சென்றனர் என்பது மேலோட்டமான நோக்கு. ஆழ்ந்து நோக்கின், இருவரும் ஒரே செயலைச் செய்தனர் என்பது புலனாகும். தமக்கு ஒவ்வாதது எனக் கண்டதனை இருவரும் கைவிட்டனர். அவ்வாறு கைவிட்ட இடத்திற் கற்றவற்றை இருவருமே கைவிடவில்லை.

கொட்டாஞ்சேனை: பெயர் வெளியரங்கமான இடம்

இத்தகைய மாற்றங்கள் கொழும்பில் தனிமனித விவகாரமாக மட்டும் அமையவில்லை. கொட்டாஞ்சேனை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். கத்தோலிக்கரின் புனித லூசியா பேராலயமும், பௌத்தரின் தீபதுத்தாராமய விகாரையும், சைவரின் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயமும் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவின்றி அப்பகுதியில் அமைந்துள்ளன. அங்கு ஒருவரின் பெயரே அவர் எக்கோயிலுக்குரியவர் என்பதை அறிவித்துவிடும். 1883ஆம் ஆண்டு மார்ச் 25ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, பௌத்த ஊர்வலமொன்றை முன்னிட்டு அப்பகுதியில் கலகம் மூண்டது. சமய அடையாளம் எத்துணை இறுக்கமடைந்திருந்தது என்பதை அக்கலகம் வெளிப்படுத்திற்று.

அக்கலகத்தை அடுத்துக் கிறித்தவப் பாடசாலையை விட்டு விலகிய மாணவருள் ஒருவர் தொன் டேவிட் ஹேவாவிதாரண. கொட்டாஞ்சேனைப் புனித பெனடிக்ற் கல்லூரியிலும் பயின்ற அவர், பின்னர் அநகாரிக தர்மபால என்னும் பெயரோடு உலகறிந்த பௌத்த இயக்கத் தலைவரானார். அவர் விட்ட பெயர் போர்த்துக்கேயர் காலந்தொட்டு வழங்கிய பெயர்முறைக்குரியது. ஏற்ற பெயர் பாளி மரபுக்குரியது. எனவே ஆங்கிலேயர் ஆட்சியில் பழைய அடையாளத்தைக் களைந்து புதியதொன்றைப் புனைதல் தமிழருக்கு மட்டும் உரியதாய் இருக்கவில்லை. அது கொழும்பு நகரின் பொதுவான காலப்போக்காய் இருந்தது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. சில பெயர் மாற்றங்கள் மதில்களை உயர்த்தின; சில மாற்றங்கள் வாயில்களைத் திறந்தன. பின்னதற்குச் சான்று காணவே நாம் விபுலாநந்தரிடம் வருகின்றோம்.

1897ஆம் ஆண்டு சனவரி 15ஆந் திகதி, மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கினார். அவரும் நரேந்திரநாதர் என்னும் பெயரைத் துறந்தவரே. துறவு பூண்டபின் ஊரூராய்த் திரிந்த காலத்தில் வேறு பெயர்களைத் தாங்கி, இறுதியிலேயே விவேகானந்தர் என்னும் பெயரில் நிலைத்தார். அவர் 1902இல் மறைந்தார். அவ்வாண்டிலேயே கொழும்பில் அவர் பெயரால் விவேகானந்த சபை நிறுவப்பட்டது. அச்சபையின் பெயரை இன்றும் கொட்டாஞ்சேனையின் விவேகானந்த மேடு தாங்கி நிற்கின்றது. விபுலாநந்தர் பிற்காலத்தில் இணைந்த இயக்கத்தின் கருத்துக்கள் இலங்கைத் தமிழரிடையே வேரூன்றுவதற்கு இத்தகைய சபைகள் களம் அமைத்தன.

மயில்வாகனனார் விட்டனவும் விடாதனவும்

மயில்வாகனன் 1892இல் கிழக்கிலங்கையின் காரைதீவிற் பிறந்தவர். மட்டக்களப்பிற் பயின்று, 1911இல் ஆசிரிய பயிற்சி பெறும்பொருட்டுக் கொழும்புக்கு வந்தார். பிற்காலத்தில் மீண்டும் வந்து, கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று 1916இல் டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் முதலிற் சித்தியெய்தியவர் அவரே. ஆய்வுகூடத்தில் பௌதிகமும் இரசாயனமும், அறிஞர்பாற் சங்க நூல்களும் என இருவேறு கல்விகளை ஒருசேரப் பெறுவதற்குக் கொழும்பு வாய்ப்பளித்தது. பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

அக்காலத்து யாழ்ப்பாணச் சமுதாயத்தில் இதனினும் உயர்ந்த நிலையை இளைஞரொருவர் எளிதில் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. பட்டதாரி, பண்டிதர், அதிபர் என்னும் மூன்று சிறப்பும் முப்பது வயதுக்குள் அவரை வந்தடைந்தன. 1922இல் அவர் பதவியை விட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். தோல்வியுற்ற ஒருவர் உலகை வெறுத்துச் சென்ற செயலன்று இது; உலகம் மதிக்கும் அனைத்தையும் பெற்றபின் எடுத்த முடிவு என்பது கருதற்பாலது. பிரமசரிய நிலையில் அவர் பெற்ற பெயர் பிரபோத சைதன்யர். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தரானார். ஈராண்டுக் காலத்தில் இரு பெயர்களைக் கழித்து மூன்றாவது பெயரை எய்தினார்.

துறவு என்பது வெறும் பெயர் மாற்றமன்று. மரபுவழித் துறவுச் சடங்கில், துறவு பெறுவோன் தனக்குரிய ஈமக்கடனைத் தானே செய்துகொள்கின்றான். குலம், கோத்திரம், சொத்துரிமை யாவும் அன்றோடு அற்றுப்போகின்றன. பழைய இந்துச் சட்டமும் துறவு பூண்டவனை உலகியல் உரிமைகளில் இறந்தவனாகவே கொண்டது. பழைய அடையாளத்தை விடுவதற்கு நம் மரபு வகுத்த வழிகளுள் இதனினும் முழுமையானது பிறிதொன்றில்லை.

அவ்வாறாயின் மயில்வாகனன் முற்றாக மறைந்துவிட்டாரா? அடிகளாரின் பிற்காலப் பணிகள் இவ்வினாவுக்கு விடை தருகின்றன. மடத்தில் அவருக்கு இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ்ச் சஞ்சிகையையும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கிலச் சஞ்சிகையையும் கவனிக்கும் பணி கிட்டியது. பண்டிதருடைய தமிழும் பட்டதாரியின் ஆங்கிலமும் அங்குத் தேவைப்பட்டன. 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியில் சேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் தமிழ்க் கூத்து மரபோடு இயைத்து ஆராய்ந்தார். காவியுடுத்த ஒருவர் நாடக ஆராய்ச்சி நூல் இயற்றியமை அக்காலத்திற் சிலருக்கு வியப்பைத் தந்திருக்கலாம். ஆயின் துறவு அவரை ஆராய்ச்சியிலிருந்து விலக்கவில்லை. ஆராய்ச்சியால் வரும் ஊதியத்திலிருந்தும் புகழ்விருப்பிலிருந்தும் மட்டுமே விலக்கியது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானபோது, அருகிலிருந்த திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று அவர்தம் பிள்ளைகளுக்கும் கல்வி கற்பித்தார். குலப்பெயரைத் துறந்தவருக்கே அக்குடியிருப்பின் வாயில் இயல்பாகத் திறந்திருந்தது எனலாம்.

யாவற்றினும் மேலான சான்று யாழ் நூல். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிற் காணும் குறிப்புக்களை அடிப்படையாகக் கொண்டு, வழக்கொழிந்த யாழ்க் கருவிகளின் அமைப்பையும் பண்களின் இயல்பையும் நிறுவ முயன்ற நூல் அது. நரம்பின் நீளத்துக்கும் எழும் சுருதிக்குமுள்ள தொடர்பு, சுரங்களுக்கிடையேயுள்ள விகிதங்கள் ஆகியவற்றைக் கணித்தறிதற்கு இலக்கியப் புலமை மட்டும் போதாது. பௌதிக அறிவும் கணிதப் பயிற்சியும் வேண்டும். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் மயில்வாகனன் கற்ற விஞ்ஞானம், முப்பது ஆண்டுகளின் பின்னர் விபுலாநந்தரின் கையில் இசையாராய்ச்சியாயிற்று. பெயரும் பதவியும் உறவும் போயின. கற்ற கல்வி போகவில்லை. 1947ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அந்நூல் அரங்கேறிற்று. அடுத்த மாதம், யூலை 19ஆந் திகதி, அடிகளார் கொழும்பில் மறைந்தார். அவரது உடல், அவர் வளர்த்த மட்டக்களப்புச் சிவானந்த வித்தியாலயத்திலே அடக்கம் செய்யப்பட்டது.

ஈண்டு ஒரு முரண் எழுகின்றது. உலகியற் பதவியை விட்டுச் சென்ற துறவி, 1943இல் பல்கலைக்கழகப் பேராசிரியர் என்னும் பதவியை மீண்டும் ஏற்றது தகுமா? ஒருமுறை கீழே வைத்த சுமையை மீண்டும் தூக்கியதாகாதா? இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் முறையன்று. 1922இல் பதவி அவருக்கு அடையாளமாய் இருந்தது. அதனை விட்டாலன்றித் தாம் யார் என்பதை அவர் அறிந்திருத்தல் அரிது. 1943இல் அதே பதவி அவருக்குக் கருவியாய் இருந்தது. எந்நாளிலும் வைத்துவிட்டுப் போகக்கூடிய கருவி. துறந்தவன் பெறும் பயன் இதுவே. அவன் மீண்டும் எதனையும் ஏற்கலாம். எதுவும் அவனை ஏற்றுக்கொண்டு சிறைப்படுத்துவதில்லை.

முன்னோரிடம் மீண்ட தனிநாயகம் அடிகளார்

விபுலாநந்தர் மறைந்த காலத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார் ஓர் இளங் குருவானவர். 1913இல் ஊர்காவற்றுறைக்கு அணித்தான கரம்பொனிற் பிறந்த சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்பார் அவர். கொழும்பு புனித பேர்னாட் குருமடத்திலும் பின்னர் உரோமையிலும் பயின்று 1938இல் குருப்பட்டம் பெற்றார். இலத்தீன் முதலிய ஐரோப்பிய மொழிகளில் வல்லவரான அவர், தமிழை முறையாகக் கற்றது அதன் பின்னரே. தமிழகத்தின் வடக்கன்குளத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் தம் தாய்மொழியில் தமக்கிருந்த குறையை உணர்ந்து, பண்டிதரொருவரிடம் பாடங்கேட்கத் தொடங்கினார். முப்பது வயதை அணுகிய, பல மொழி கற்ற குரு ஒருவர், சிறுவனைப் போல் இலக்கணம் கற்க அமர்ந்தார். பெயரை விடுவதினும் அறிஞன் என்னும் எண்ணத்தை விடுவது அரிது. அடிகளார் முதலில் விட்டது அதனையே.

அதனோடு தம் முன்னோர் வழிப்பெயராகிய தனிநாயகம் என்பதையும் தம் பெயரில் இணைத்துக்கொண்டார். ஞானஸ்நானப் பெயராகிய சேவியரை அவர் நீக்கவில்லை. ஆகவே அவரது மாற்றம் துறத்தலும் மீட்டலும் ஒருங்கே அமைந்தது. 1952இல் அவர் தொடங்கிய தமிழ்க் கலாசாரம் பற்றிய ஆங்கில முத்திங்கள் ஏடு, 1964இல் புதுதில்லியில் அவரது முயற்சியால் உருவான உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966இல் கோலாலம்பூரில் நடைபெற்ற முதலாவது உலகத் தமிழ் மாநாடு என்பன அம்மாற்றத்தின் பயன்கள். இப்பணிகளில் அவருக்கு உதவியவை குருமடத்திற் கற்ற ஐரோப்பிய மொழிகளே. 1554இல் இலிசுபனில் அச்சான தமிழ் மறைநூலைப் பற்றியும், 1679இல் வெளிவந்த புறொயென்சாவின் தமிழ் அகராதியைப் பற்றியும் தமிழறிஞர் அறியச் செய்தவர் அவர். அந்நூல்கள் உறைந்த நூலகங்களின் வாயில்கள் போர்த்துக்கேயமும் இலத்தீனும் அறிந்தவருக்கே எளிதிற் திறந்தன. இங்கும் புதிய பெயரை வாழவைத்தது பழைய கல்வியே.

வெள்ளவத்தை: துறத்தலும் பறிபோதலும்

இதுகாறும் நோக்கியோர் அறிஞர். சாதாரண மக்களின் நிலை யாது? அதனை அறிதற்கு வெள்ளவத்தைக்குச் செல்லுதல் வேண்டும். இராமகிருஷ்ண மிசனின் கொழும்பு நிலையம் அமைந்திருப்பது அங்கேதான். 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் இல்லமும் அங்கேதான். இருபதாம் நூற்றாண்டில் அரசாங்க உத்தியோகம் பார்க்க வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த குடும்பங்கள், புகையிரதப் பாதைக்கும் காலி வீதிக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் குடியமர்ந்தன. அவர்கள் தம்மை வெள்ளவத்தையார் எனக் கூறிக்கொள்வது அரிது. சொந்த ஊர் எது என வினவினால், பிறந்த கிராமத்தின் பெயரே வரும். வாழும் ஊர் ஒன்று, வழங்கும் ஊர் மற்றொன்று. அவர்களை அவ்விரண்டுக்கும் நடுவே தாங்கி நின்றது உத்தியோகத்தர் என்னும் அடையாளமே.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. சிங்களத் தேர்ச்சி பெறாதோருக்குப் பதவியுயர்வு தடைப்பட்டது. பலர் முன்கூட்டியே இளைப்பாறினர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த வன்செயல்களின்போது, வெள்ளவத்தையிலும் பிறவிடங்களிலும் வாழ்ந்தோர் வீடிழந்து அகதி முகாம்களிற் தங்கினர். கப்பலேறி வடக்கே சென்றனர். 1983 யூலைக்குப் பின்னர் எண்ணற்றோர் கடல் கடந்தனர். அந்நாட்களில் பொட்டை அழித்தவரும், பெயரைச் சொல்ல அஞ்சியவரும், தமிழில் வாய்திறவாது வீதியைக் கடந்தவரும் பலர். 2007ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரினின்றும் வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. விபுலாநந்தர் தம் பெயரை விட்டபோது அவருக்குப் புதியதோர் இல்லம் காத்திருந்தது. இம்மக்கள் தம் பெயரை மறைத்தபோது எந்த இல்லமும் காத்திருக்கவில்லை.

எனவே பழைய அடையாளத்தை விடுதல் நன்றென்று பொதுப்படப் போற்றுதல் வரலாற்றறிவுக்கு ஒவ்வாது. துறத்தல் வேறு, பறிபோதல் வேறு. ஒல்லாந்தர் காலப் பதிவேட்டுப் பெயரும், 1983இல் அழிக்கப்பட்ட பொட்டும் ஒரு வகைக்குரியன. அச்சம் வாங்கிய மாற்றம் அச்சம் நீங்கியதும் அகன்றுவிடும், அல்லது மாறா வடுவாகும். தாமோதரம்பிள்ளை முதல் தனிநாயகம் அடிகளார் வரையிலானோரின் மாற்றம் மற்றொரு வகைக்குரியது. அங்கே விடுபவன் தானே விடுகின்றான். விடுவதற்கு முன்னர் விடும் பொருளை அறிந்துகொள்கின்றான். அதிற் கற்றதனை விடாது காக்கின்றான்.

ஆயினும் பறிகொடுத்தோரை வெறும் இழப்பாளராகக் கருதுதலும் பிழையாகும். உத்தியோகம் போனபின் கணக்காளராகவும் வணிகராகவும் ஆசிரியராகவும் வாழ்வைத் தொடங்கியோர் உளர். தொராண்டோவிலும் இலண்டனிலும் எழுதுவினைஞர் என்னும் பழைய பெருமையை மறந்து, இரவு வேலை செய்து பிள்ளைகளைக் கற்பித்தோர் உளர். பறிபோனதைப் பின்னர் உளமாரத் துறந்து, எஞ்சிய கல்வியைக் கொண்டு எழுந்தவர்கள் இவர்கள். பதவியையும் வீட்டையும் சட்டமும் வன்முறையும் பறித்தன. அவற்றைப் பற்றி நின்ற மனத்தை அவர்களே விடுவித்துக்கொண்டனர். இவ்வகையில் வெள்ளவத்தை ஒழுங்கைகளின் பெயரறியாக் குடும்பங்களும் விபுலாநந்தரின் மரபுக்கு உரியவர்களே.

வரலாறு கற்போர்க்கு இதனால் எழும் கடமையொன்று உண்டு. ஒருவர் பெயரை விட்டுச் செல்லலாம். அவர் வரலாற்றை எழுதுவோர் அப்பெயரை விட்டுவிடுதல் ஆகாது. தொழில்நுட்பக் கல்லூரியின் மாணவர் பட்டியலில் விபுலாநந்தர் என்னும் பெயர் கிடைக்காது. வட்டுக்கோட்டைச் செமினரியின் ஏடுகளில் சிறுப்பிட்டி வைரவநாதரின் மைந்தரைச் சார்ள்ஸ் வின்ஸ்லோ என்றே தேடல் வேண்டும். புதிய பெயரை மட்டும் அறிந்தவர் பணியின் பயனை அறிவர். பழைய பெயரையும் அறிந்தவரே அப்பணிக்கு ஒருவர் கொடுத்த விலையை அறிவர்.